வீட்டில் ஆக்சிஜன் பெறுவோருக்கு மறுபரிசோதனை ஏன்?

“மாமா பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கிறார், டாக்டர். காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறார்.” வெள்ளானூரிலிருந்து தம் மாமனாரை அழைத்து வந்திருந்த பெண்மணி இவ்வாறு கூறினார். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக அவருக்கு நிமிடத்திற்கு 1 லிட்டர் ஆக்சிஜன் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் வீட்டார் அக்கறையுடன் கூட்டிக் கூட்டி 4 லிட்டர் வரை கொண்டுசென்றிருந்தனர். விரலில் மாட்டும் கருவி 98 காட்டியதால் அனைவருக்கும் நிம்மதி. தமனி இரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான் கரியமில வாயு மிகுந்திருப்பது தெரிந்தது. அதனை விரல் கருவி காட்டாது.

இந்நோயாளிகள் சிலருக்கு ஆக்சிஜன் மிகுந்தால் கரியமில வாயு உடலில் தேங்கும், மயக்கம்வரை செல்லக்கூடும். ஆகவே அவர்களுக்கு 88 முதல் 92 விழுக்காடே இலக்கு. எங்கள் கண்காணிப்பில் அளவைக் குறைத்த பின் அப்பெரியவர் தெளிவடைந்தார்.

1980, 1981 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள், இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்த இந்நோயாளிகள் நாள்தோறும் 15 மணி நேரமோ அதற்கு மேலோ ஆக்சிஜன் பெற்றால் ஆயுள் நீள்வதைக் காட்டின. குறைபாடு மிதமாக இருந்தோருக்கு அத்தகைய பயன் இல்லை என்று 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறியது. ஆகவே யாருக்குத் தேவை என்பதை அளந்தே முடிவு செய்கிறோம். நோய் முற்றிய நிலையில் எடுத்த அளவு நிரந்தரமானதன்று. நுரையீரல் தேறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். எனவே வீடு திரும்பிய இரண்டு, மூன்று மாதங்களில் ஓய்விலும் நடக்கச் செய்தும் மீண்டும் அளக்கிறோம், தேவைப்படின் உறக்கத்திலும்.

“பரிசோதனைக்குப் போனால் ஆக்சிஜனை நிறுத்திவிடுவார்கள்” என்று அஞ்சி வராதிருப்போர் உண்டு. சிலருக்கு நிறுத்துவோம், உண்மைதான். சிலருக்குக் கூட்டவும் நேரும். இதனைப் படித்துவிட்டு நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

2021 பெருந்தொற்றின்போது வாங்கிய கான்சன்ட்ரேட்டரை உறவினரிடம் இரவல் பெற்றுப் பயன்படுத்துவோரையும் காண்கிறேன். பழைய இயந்திரத்தில் லிட்டர் அளவு சரியாகவே தெரியும். வெளிவரும் ஆக்சிஜனின் தூய்மை குறைந்திருக்கலாம். பழுதுநீக்குநரிடம் அதனை அளந்து பாருங்கள். வடிகட்டியைத் தவறாமல் கழுவுங்கள். மின்தடைக்கென ஒரு சிலிண்டர் இருக்கட்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடி, கற்பூரம், விளக்கு எதுவும் கூடாது.

மறுபரிசோதனைக்கு வரும்போது வெளியேற்றச் சுருக்கம், உறிஞ்சு மருந்துகள், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் என்ற குறிப்பு ஆகியவற்றை எடுத்து வாருங்கள். அளவைக் கூட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம்.