'கொழுந்து' என்று சொல்லுமா பழைய சிப்?

ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் பலர். கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியைக் கற்பனை செய்த தன் 1979ஆம் ஆண்டு நாவலில் இந்த மலையையே மாதிரியாக வைத்துக்கொண்டார். 'ஹால்' என்ற, பேசவும் பாடவும் செய்யும் கணினியும் அவர் படைப்புதான். அதற்குப் பின்னால் ஓர் உண்மை உண்டு. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினி 'டெய்சி பெல்' பாட்டைப் பாடியது. அந்தப் பாட்டைக் கிளார்க் அங்கே கேட்டிருந்தார்.

ஓர் அறையையே அடைத்த அந்த வித்தை, 1980களின் தொடக்கத்தில் 28 கால் கொண்ட ஒரு சிப்புக்குள் அடங்கியது. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தின் எஸ்பி0256-ஏஎல்2 அது. அதில் பதிவுசெய்த மனிதக் குரல் கிடையாது. தொண்டை அதிர்வுக்குப் பதிலாகத் துடிப்புகள். 'ஸ்', 'ஷ்' போன்றவற்றுக்கு இரைச்சல். வாயும் நாக்கும் செய்யும் வேலைக்கு எண்முறை வடிகட்டி. இவற்றைக் கொண்டு 59 ஒலிகளையும் 5 வகை இடைவெளிகளையும் அது உண்டாக்கும். மொத்தம் 64 என்பதால் ஆறு கம்பிகளே போதும்.

இந்தச் சிப்பை இன்றைய ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையோடு இணைக்கலாம். ஆறு கம்பிகளில் ஒலியின் எண் போகும். ஏழாவது கம்பி 'எடுத்துக்கொள்' என்று சொல்லும். எட்டாவது, 'அடுத்ததைத் தா' என்ற சிப்பின் பதிலைக் கொண்டுவரும். இங்கேதான் கவனம் தேவை. சிப் 5 வோல்ட்டில் இயங்குவது. பலகையின் கால்களோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. ஆகவே திரும்பி வரும் கம்பியில் இரண்டு தடையிகளைப் போட்டு மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மறந்தால் பலகை கருகலாம்.

சரி, 'கொழுந்து' என்று சொல்ல வைப்போம். 8, 53, 14, 30, 56, 54, 30 என எண்களை அனுப்பலாம். கடைசியில் ஓர் இடைவெளி எண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் இறுதி ஒலி இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் இது ஆங்கிலத்துக்குச் செய்த சிப். அதில் ழ, ள, ண மூன்றும் இல்லை. 'ழ'வின் இடத்தில் அமெரிக்க 'ர'வை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

பழைய சிப் எதுவும் கையில் இல்லாமலும் அதன் குரலை மென்பொருளால் மீட்கலாம்; வேறொரு குரலுக்கு அப்படி நடந்திருக்கிறது. 1985இல் பேச்சை இழந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் புகழ்பெற்ற குரல், 1980களின் கால்டெக்ஸ்ட் 5010 என்ற அட்டையில் பிறந்தது. அதற்கு அடிப்படை, எம்ஐடியின் டென்னிஸ் கிளாட் செய்த ஆய்வு. அட்டைகள் பழசாகிக்கொண்டிருந்தன, ஹாக்கிங்கோ வேறு குரலை ஏற்கவில்லை. பொறியாளர்கள் அந்த அட்டையின் நடத்தை முழுவதையும் மென்பொருளாக எழுதி ராஸ்பெர்ரி பையில் ஓட்டினார்கள். அதிலிருந்த என்ஈசி சிப்பைப் போலிசெய்ய, பழைய நின்டெண்டோ விளையாட்டுகளுக்காக எழுதிய நிரல் கைகொடுத்தது. 2018 ஜனவரியில் அது அவரிடம் சேர்ந்தது. மார்ச் 14 அன்று அவர் காலமானார்.

அந்த ஆய்வுவழியின் பயன் தமிழுக்கும் கிடைத்திருக்கிறது. ஜொனாதன் டடிங்டன் தொடங்கிய ஈஸ்பீக் என்ற இலவச மென்பொருளும் பெரும்பாலும் பதிவுக் குரலை வெட்டி ஒட்டாமல் ஒலியைக் கணக்கிட்டே பேசுகிறது. சின்ன ராஸ்பெர்ரி பையில் இணையம் இல்லாமலே ஓடும், தமிழும் தெரியும். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருளிலும் இதுவே இருக்கிறது.

இணையம் விட்டுவிட்டு வரும் தோட்டப் பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான செயல்முறைப் பாடம் கிடைப்பது அரிது. ஒரு பலகையும் ஒலிபெருக்கியும் போதும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களே, அடுத்த தவணையில் மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஈஸ்பீக்கின் 'ழ' சரியில்லை என்று அவர்கள் சொன்னால், திருத்தும் வழியும் திறந்தே இருக்கிறது: அதன் ஒலி விதிகளை எவரும் மாற்றி எழுதலாம்.