மாத்திரையை ஒளித்து வைக்கும் பிள்ளைகள்



"எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்த அந்தப் பச்சைக் குழந்தைகளுக்காக அன்றைக்கு ஜெபித்தோமே, அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று உங்களில் பலர் கடிதத்தில் கேட்கிறீர்கள். சிலர் தயங்கித் தயங்கி, "இருக்கிறார்களா?" என்றே கேட்கிறீர்கள். கர்த்தருடைய கிருபையால் அவர்களில் பலர் இருக்கிறார்கள். பையன்களுக்கு மீசை முளைத்துவிட்டது. பெண் பிள்ளைகளில் சிலர் கல்லூரிக்குப் போகிறார்கள், சிலர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய சரீரத்துக்காகக் கவலைப்பட்ட நாட்கள் ஒருவாறு கழிந்தன. இப்போது எங்களுக்குப் பாரமாயிருப்பது அவர்களுடைய மனம். அதைக் குறித்து இந்த இதழில் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறோம்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் அது கணவனிடமிருந்து மனைவிக்கும், மனைவியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போனது. லாரியும் ரிக் வண்டியும் நிறைந்த நாமக்கல் பகுதி தமிழ்நாட்டிலேயே அதிகம் அடிபட்ட இடங்களில் ஒன்று. மருந்து எதுவும் கொடுக்காவிட்டால், கிருமியுள்ள 100 தாய்மார்களின் பிள்ளைகளில் 15 முதல் 45 பிள்ளைகளுக்கு அது தொற்றும். அப்படித் தொற்றிய பிள்ளைகளில், சிகிச்சை இல்லையென்றால், ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு வயதைக் காண்பதில்லை. அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். குழந்தைகளுக்கென்று அளவிட்ட மருந்து 2006-இன் கடைசியில்தான் வந்தது. அதுவரை தாக்குப்பிடித்த பிள்ளைகளும், அதன்பின் பிறந்து மருந்தினால் வளர்ந்த பிள்ளைகளுமே இன்றைய வாலிபர்கள். இப்போது தாய்க்கும் சேய்க்கும் உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் தொற்றுவதை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே குறைக்க முடிகிறது. ஆகவே இப்படிப் பிறக்கிற பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். முன்பு பிறந்தவர்களோ வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

மாத்திரை அரசு மையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிடும். அப்படியிருந்தும் பதினான்கு, பதினைந்து வயதில் சில பிள்ளைகளுக்கு வைரல் லோடு திடீரென்று ஏறுகிறது. வீட்டில் தேடினால் மாத்திரைகள் பாய்க்கு அடியிலும், பள்ளிக்கூடப் பையின் மூலையிலும், கொல்லைப்புறத்து வாழை மரத்தடியிலும் கிடைக்கின்றன. பள்ளிக்கு மட்டம், வீட்டில் எரிந்து விழுதல், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருத்தல் எல்லாம் கூடவே வரும். "கொழுப்பு" என்பார் சித்தப்பா. "அடங்காத பிள்ளை" என்பார் வார்டன். அடியும் விழும். அடித்து மாத்திரை விழுங்க வைத்த வீடுகளில் பிள்ளைகள் ஒளித்துவைக்கும் இடம்தான் மாறியது.

ஏன் இப்படி? முதலாவது காரணம் இரகசியம். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் பெரும்பாலும் பாட்டிதான் வளர்க்கிறார். "சத்து மாத்திரை, சாமி" என்று சொல்லிக் கொடுப்பார். ஆறு வயதில் அது போதும். ஒன்பது வயதில், "அப்படியென்றால் தம்பிக்கு ஏன் இல்லை?" என்ற கேள்வி வரும். பின்னர் பாடப் புத்தகத்தில் எய்ட்ஸ் பாடம் வரும். மாதந்தோறும் போகிற மையத்தின் சுவரிலும் அதே சிவப்பு ரிப்பன் படம் இருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தில் கிருமி பரவும் வழிகளை வரிசையாகப் போட்டிருக்கும். அதைப் படிக்கிற பிள்ளை, செத்துப்போன தகப்பனைக் குறித்து என்ன நினைக்கும்? தாயைக் குறித்து என்ன நினைக்கும்? யாரிடம் போய்க் கேட்கும்? பாட்டிக்குத் தெரியும், பேரனுக்கும் தெரியும், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளையோ, இரவு ஒன்பது மணிக்கு மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கழிவறைக்குப் போய் விழுங்குகிறது. எவனாவது கதவைத் தட்டினால் அன்றைக்கு மாத்திரை இல்லை.

இரண்டாவது, வீட்டின் துக்கம். நியூயார்க் நகரில் 9 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கிருமியோடு பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 61 பேருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. ஆனால் கிருமியுள்ள தாய்க்குப் பிறந்து, தாங்கள் தொற்றாமல் தப்பிய பிள்ளைகளிலும் நூற்றுக்கு 49 பேருக்கு இருந்தது. இந்த இரண்டாவது எண்ணை நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். கிருமி மட்டும் காரணமாயிருந்தால் இவர்களுக்கு ஏன்? அந்த வீடுகளின் வியாதியும் சாவும் வறுமையும் எல்லாப் பிள்ளைகளின்மேலும் ஏறுகின்றன. ஆகவே அண்ணனுக்கு ஆலோசனை கொடுக்கும்போது, 'நல்லபடியாக' இருக்கிற தங்கையையும் உட்கார வைத்துப் பேசுகிறோம்.

மூன்றாவது, மூளை. இந்தக் கிருமி குழந்தைப் பருவத்திலேயே மூளைக்குள் போகக்கூடியது. மருந்து தாமதமாகத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் கவனம், ஞாபகம், திட்டமிட்டுச் செய்யும் திறன் ஆகியவை குறையலாம். நாள்தோறும் குறித்த வேளையில் மாத்திரை சாப்பிட வேண்டிய பிள்ளைக்கு வேண்டியவையோ இவைகளே! வளர்ச்சியும் பருவமடைதலும் பிந்துவதால், பத்தாம் வகுப்புப் பையன் ஆறாம் வகுப்பு மாணவனைப்போல நின்று கேலிக்கு ஆளாகிறான். பல ஆண்டுகள் பரவலாகக் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் என்ற மருந்து சிலருக்குக் கெட்ட கனவையும் மனச்சோர்வையும் கொண்டுவந்தது. 2020-க்குப் பின் அதன் இடத்தில் டோலுடெக்ராவிர் வந்திருக்கிறது. இதிலும் சிலருக்குத் தூக்கம் கெடலாம். பிள்ளை இரவில் அலறுகிறது என்றால் பாட்டி மந்திரிக்க அழைத்துப் போவார். நம்முடையவர்களோ பிசாசு என்று சொல்லி உபவாசக் கூட்டத்துக்கு அழைத்துப் போவார்கள். எந்த மருந்து சாப்பிடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சபையைக் குறித்து இன்னொன்றும் சொல்லவேண்டும், அன்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு மருந்தை நிறுத்திய பிள்ளைகள் உண்டு. மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பின்பு அதைவிடக் கடினமான மருந்துக்குப் போகவேண்டும், அதன்பின் அதிக வழிகள் இல்லை. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி என்பதை அந்த ஊழியர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். பிறவிக்குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்ட கேள்வியை (யோவான் 9) இந்தப் பிள்ளைகள் திருவிருந்துக்கு வரும் ஆலயத்திலேயே ஜாடையாகக் கேட்டிருக்கிறார்கள்.

என்ன செய்ய முடியும்? உண்மையைப் படிப்படியாகச் சொல்லவேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது 6 முதல் 12 வயதுக்குள், அவர்கள் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வழிகாட்டியது. ஆறு வயதில், "உன் இரத்தத்தில் தூங்குகிற ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதை எழும்பவிடாது" என்றால் போதும். பெயரைப் பிறகு சொல்லலாம். தாய் வேண்டுமென்று செய்யவில்லை என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பாட்டியைத் தயார்ப்படுத்தத்தான் எங்கள் ஆலோசகருக்கு அதிக நாள் பிடிக்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும், "எனக்கு முன்னமே தெரியும்" என்கிறார்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு எதிர்காலத்தைச் சொல்லவேண்டும். இரத்தத்தில் கிருமி காணப்படாத நிலை தொடர்ந்து இருந்தால், தாம்பத்திய உறவால் துணைக்குத் தொற்றாது; கிருமியில்லாத பிள்ளையைப் பெறலாம். இருபது வயதுப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?" என்று அழுதாள். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகக் கேட்கவும் நாங்கள் பயப்படுவதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது, உள்ளே இருப்பது வெளியே வரும். (அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416-ஐ உங்கள் சபை வாலிபர்களுக்கும் சொல்லிவையுங்கள்.)

ஜிம்பாப்வே நாட்டில் 2004 முதல் 'ஸ்வாந்திரி' என்ற ஊழியம் நடக்கிறது. அவர்கள் பாஷையில் 'நான் இருக்கிறபடியே' என்று அர்த்தமாம். கிருமியோடு வாழும் வாலிபர்களையே பயிற்றுவித்து, தங்களைப் போன்ற இளையவர்களின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 2020-இல் வெளிவந்த அதன் ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேருக்குக் கிருமி அடங்காமலோ மரணம் நேரிட்டோ இருந்தது. வீட்டுக்கு ஆள் போன இடங்களில் அது 25. புதிய மருந்து எதுவும் இல்லை, போய்ப் பேச ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

பங்காளர்களே, குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க உடனே கை நீளுகிறது. இருபது வயதுப் பையனோடு மாதம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறவருக்குச் சம்பளம் கேட்டால் யோசிக்கிறோம். எங்களுக்கு இப்போது வேண்டியது அதுவே. சனிக்கிழமை கூடுகைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் வேண்டும். சிறுவர் இல்லங்களில் 18 வயது நிறைந்ததும் வெளியேற வேண்டியிருக்கிறது. 21 வயது வரை பின்காப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு, வாடகைக்கு ஒரு வீடுதான் இல்லை. ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டவர்கள் 18-ஓடு நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று ஆண்டுகள் தாங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தாங்கள் உதவும் பிள்ளையின் புகைப்படத்தையும் சாட்சியையும் அனுப்பும்படி சிலர் எழுதியிருந்தீர்கள். அனுப்ப இயலாது. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டம் ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அனுப்பமாட்டோம். பெயர் தெரியாமலே ஜெபியுங்கள். இரவு ஒன்பது மணி அவர்கள் மாத்திரை சாப்பிடும் வேளை.