மாத்திரையை நிறுத்தலாமா?

என் மாமியாருக்கு வயது 69. பருத்தி எடுக்கப் போன காலத்தில், யார் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்று நோட்டு இல்லாமலே கணக்குச் சொல்வார். அப்படிப்பட்டவர் சென்ற வருடம் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது, அடுத்த தெருவில் நின்றுகொண்டு, "கண்ணு, எங்கூடு எந்தப் பக்கம்?" என்று ஒரு பையனிடம் கேட்டிருக்கிறார். அவன் கூட்டிவந்து விட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. நான்கு மாதமாக ரத்தக் கொதிப்பு மாத்திரையே சாப்பிடவில்லை! "தினமும் மாத்திரை தின்னா மூளை மங்கிப் போயிரும்னு மேக்கால ஊட்டுக்காரி சொன்னா. எனக்குத் தலைவலி, கிறுகிறுப்பு ஒண்ணுமில்ல. அப்புறம் எதுக்கு அம்மிணி?" என்றார். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் மாதாமாதம் வீடு தேடி வந்து கொடுத்த மாத்திரைகள், ஒரு டப்பாவில் பத்திரமாக இருந்தன.

டாக்டரிடம் போனோம். மேல் அளவு 190! "மூளையை மங்க வைப்பது மாத்திரை இல்லைம்மா, கொதிப்புதான். மூளைக்குள் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் தடித்து, சிலது அடைத்துக்கொள்ளும். வலியே தெரியாது. ஞாபகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்" என்றார். மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று ரத்தப் பரிசோதனையும் செய்தார்.

என் மகள் செல்போனில் தேடிப் படித்துக் காட்டினாள். சீனாவில் 326 கிராமங்களில், கொதிப்பு உள்ள சுமார் 34,000 பேரை வைத்து ஆராய்ச்சி செய்தார்களாம். பாதிக் கிராமங்களில் கிராம வைத்தியர்களே மாத்திரை கொடுத்து, அளவு பார்த்து, விடாமல் கவனித்திருக்கிறார்கள். 4 வருடத்தில், மற்ற கிராமங்களைவிட அங்கே மறதி நோய் 15 சதவீதம் குறைவாம். 2025-ல் வெளியான முடிவு இது.

போன ஞாபகம் முழுசாகத் திரும்புமென்று டாக்டர் சொல்லவில்லை. இப்போதும் அத்தை ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார். ஆனால் அதற்குப் பிறகு வழி தவறவில்லை.

தப்பு என் மேலும்தான். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று தினமும் கேட்ட நான், மாத்திரையைக் கேட்கவில்லையே! இப்போது காலையில் நானே கையில் கொடுத்து, காலண்டரில் கோடு போடுகிறேன். ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்துவிட்டேன்.

தோழிகளே, மாத்திரையால் தலைசுற்றல் வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். பெரியவர்களைப் படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்களேன்!

– ஒரு வாசகி, மூலனூர்.