அழித்து எழுது தம்பி!

குற்றாலம் என்றால் நமக்கு அருவி, எண்ணெய்க் குளியல், பார்டர் பரோட்டா! பக்கத்து மத்தளம்பாறையில் 2011-லேயே ஸோகோ ஆபீஸ் திறந்தாச்சு. கிராமத்தில் சாஃப்ட்வேர்!

அதற்குக் கம்ப்யூட்டர் போதும் சார். சிப் தயாரிக்கணும்னா? தொழிற்சாலை வேணும், கோடி கோடியாய்ப் பணம் வேணும். அந்தத் திட்டத்தை 2025-ல் ஸோகோவே நிறுத்தி வைத்தது.

ஆனால் சிப்பை வடிவமைத்துச் சோதிக்க ஒரு மேஜை போதும் என்பேன். அதற்குத்தான் எஃப்.பி.ஜி.ஏ. போர்டு!

வயல் வாய்க்காலை நினைச்சுக்குங்க. எந்த மடையைத் திறக்கிறோமோ அந்தப் பக்கம் தண்ணீர். இந்த சிப்புக்குள்ளும் அப்படித்தான்: எந்த லாஜிக் கட்டத்தை எதோடு இணைப்பது என்று நாமே எழுதி ஏற்றலாம். தப்பா? அழிச்சுட்டு மறுபடி எழுது! கரண்ட் போனால் பெரும்பாலானவை எல்லாத்தையும் மறந்துடும், சீசன் முடிந்த அருவி மாதிரி. போர்டிலுள்ள ஃபிளாஷ் மெமரிதான் கரண்ட் வந்ததும் ஞாபகப்படுத்தும்.

1985-ல் ஸைலிங்ஸ் கொண்டுவந்த முதல் எஃப்.பி.ஜி.ஏ.வில் 64 கட்டங்கள். இன்று 'ஆர்ட்டி ஏ7-35டி' போர்டில் 33,280 லாஜிக் செல்கள்! ஓரத்து சாக்கெட்டுகளில் சென்சார், மோட்டார் டிரைவர் எல்லாம் செருகலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசஸரே இதில் ஓடும்.

லட்சக்கணக்கில் விற்கும் பொருளுக்குத் தனி சிப்தான் கட்டுப்படியாகும். நூறு விற்கவோ, முதல் மாடல் செய்யவோ இதுவே போதும்.

தென்காசித் தம்பிகளே, தொழிற்சாலை வரட்டும் என்று காத்திருக்காதீங்க. நாலு பேர் சேர்ந்து ஒரு போர்டு வாங்குங்க. பரோட்டாக் கணக்கைக் கொஞ்சம் குறைச்சா முடியும்!