இல்லம் தேடிக் கல்வி: ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் பிள்ளைகளுக்குப் பலன் கிடைத்ததா? எம்.எட். ஆய்வுக்கு இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளும் மாணவி, பெரும்பாலும் முதலில் செய்வது திட்டத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் கூகுளில் தட்டிப் பார்ப்பதுதான். செய்திகள் வரும், அரசு அறிவிப்புகள் வரும், 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே நடந்த தொடக்க விழாவின் படங்களும் வரும். ஆய்வுக் கட்டுரை மட்டும் எளிதில் கண்ணில் படாது. கடைசியில் சீனியர் ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து ‘முந்தைய ஆய்வுகள்’ அத்தியாயத்தை எடுத்துக் கொஞ்சம் மாற்றிப் போட்டுவிடுவது என்று முடிவாகும். நம் கல்வியியல் ஆய்வுகள் பலவும் பலவீனமாவது இந்த இடத்தில்தான்.

இத்தனைக்கும் அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு இருக்கிறது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2022இல் வெளியிட்டது. தமிழகக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி வயதுள்ள சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கிலும் மொழியிலும் பெரிய சரிவு. கொரோனாவால் மூடிய பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியின் மாலை நேர வகுப்புகளுடைய பங்கு என்று கணக்கிட்டார்கள்.

இவ்வளவு முக்கியமான கட்டுரை ஏன் கண்ணில் படுவதில்லை? அதன் தலைப்பிலும் சரி, ஆய்வுச் சுருக்கத்திலும் சரி, ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற பெயரே கிடையாது. பள்ளி நேரத்துக்குப் பிறகு அரசு நடத்திய குறைதீர் கற்பித்தல் திட்டம் என்று பொதுப்படையாகத்தான் குறிப்பிடுகிறார்கள். நூலகத் தரவுத்தளங்கள் பலவும் முதலில் தேடுவது தலைப்பு, சுருக்கம், குறிசொற்கள் ஆகியவற்றை. அங்கே இல்லாத பெயரைப் போட்டால் பூஜ்யம்தான் வரும். கூகுள் ஸ்காலர் கட்டுரையின் உள்ளேயும் தேடும் என்பதால் ஒருவேளை சிக்கலாம். ஆனால் அது கொட்டும் குவியலில் பத்தாவது பக்கத்தில் கிடந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

கல்விக்கென்றே இருக்கும் பெரிய தரவுத்தளம் எரிக். அமெரிக்க அரசு 1960களிலிருந்து நடத்திவருவது. உலகில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். 2025இல் அங்கு நடந்த செலவுக் குறைப்பு இதையும் தொட்டது. அதனால் மிக அண்மைக் கட்டுரைகளுக்கு இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பழைய சேமிப்புக்கு இன்னும் ஈடு இல்லை. அதன் பதிவு எண்ணைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்: இ.ஜே. என்று தொடங்கினால் ஆய்விதழ்க் கட்டுரை, இ.டி. என்று தொடங்கினால் அறிக்கை, மாநாட்டுக் கட்டுரை போன்றவை.

எரிக்கின் உயிர்நாடி அதன் சொல்லடைவு. ஆசிரியர்கள் ஒரே விஷயத்தைப் பத்து விதமாக எழுதுவார்கள். பதிவு செய்பவர்கள் அதற்கெல்லாம் ஒரே குறிசொல்லை ஒட்டிவிடுவார்கள். நம் மாணவி அங்கே போய்ப் பார்த்தால் ‘ரெமீடியல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’, ‘ஆஃப்டர் ஸ்கூல் புரோகிராம்ஸ்’ என்ற குறிசொற்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் கீழும் அதைவிட விரிந்த சொல், குறுகிய சொல், தொடர்புடைய சொல் என்று வரிசை இருக்கும். அரைமணி நேரம் அந்த வரிசையில் உட்கார்ந்து படிப்பது, அரைநாள் கண்டபடி தேடுவதைவிட மேல்.

பிறகு தேடலைக் கட்ட வேண்டும். ஒரே கருத்தைச் சொல்லும் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’, வெவ்வேறு கருத்துகளுக்கு நடுவே ‘ஆண்ட்’. குறைதீர் கற்பித்தலுக்கான இரண்டு சொற்களையும் அடைப்புக்குறிக்குள் ‘ஆர்’ போட்டு இணைத்து, வெளியே ‘ஆண்ட் இந்தியா’ என்று சேர்த்தால் பட்டியல் படிக்கத்தக்க அளவுக்குச் சுருங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சொல் கொண்ட தொடரை மேற்கோள்குறிக்குள் இடுவது அவசியம். மிகக் குறைவாக வந்தால் இந்தியாவை எடுத்துவிடுங்கள். வங்கதேசத்திலோ கென்யாவிலோ நடந்த ஆய்வும் நமக்குப் பயன்படும்.

நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டே முன்னும் பின்னும் போகலாம். அதன் மேற்கோள் பட்டியல் வழியே பின்னால் போனால், மும்பையிலும் வதோதராவிலும் நடந்த பால்சகி என்ற குறைதீர் கற்பித்தல் திட்டம் பற்றி 2007இல் வெளியான கட்டுரை போன்ற முன்னோடிகளுக்கு வந்து சேர்வோம். முன்னால் போக, கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே அதை மேற்கோள் காட்டியவை எத்தனை என்ற இணைப்பு இருக்கிறது. அதைத் திறந்து, அதற்குள்ளேயே ‘தமிழ்நாடு’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். என் கணிப்பில் மாணவர்கள் அதிகம் தவறவிடும் வசதி இதுதான்.

முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டால் என்ன செய்வது? மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஆனால் தமிழகத்தில் பி.எட்., எம்.எட். படிப்பவர்களில் பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள்; இந்தக் கதவு அவர்களுக்கும் திறக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அதுவரை எரிக்கில் ‘முழு உரை உள்ளவை மட்டும்’ என்ற கட்டத்தைத் தேர்வு செய்யலாம். ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்தில் படிக்கலாம். எதுவும் கைகொடுக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். தயங்க வேண்டியதில்லை, பலர் அனுப்பிவைப்பார்கள்.

‘பியர் ரிவ்யூ’ செய்யப்பட்டது என்ற முத்திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் அதே முத்திரையைக் குத்திக்கொள்கின்றன. தரமான இதழ்களுக்கென்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், சோதிக்கும் பொறுப்பு இப்போது ஆய்வாளரிடமும் நெறியாளரிடமும் வந்திருக்கிறது. எத்தனை பேரைச் சோதித்தார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை முறையியல் பகுதியில் படித்துப் பார்க்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

தமிழில் எழுதப்பட்ட கல்வி ஆய்வுகளை இந்த வெளிநாட்டுத் தளங்களில் தேடிப் பயனில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஷோத்கங்கா இருக்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் செயலாய்வு அறிக்கைகள் எல்லாமே இணையத்துக்கு வந்துவிடவில்லை. அவற்றுக்கு உங்கள் மாவட்ட நிறுவனத்துக்கு நேரில் போய், நூலகரிடம் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.