சாடிகளில் முளைக்குங் காளான்கள்

மாரி மழை தொடங்கிச் சில நாட்கள் சென்றதும், மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்கள் நிற்குஞ் சாடிகளிலே திடீரெனக் காளான்கள் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். நாற்றுக்கு நோய் வந்துவிட்டதென அஞ்சிப் பங்கசுநாசினியைக் கரைத்து ஊற்றும் கமக்காரரும் உளர். கறிக்கு ஆகுமென்று பறிப்போரும் உளர். முன்னதாற் பணம் வீணாகும். பின்னதால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

காளான் என்பது பங்கசின் வித்தி தாங்கும் பகுதியாகும். அதன் உடல் வெண்ணிழைகளாக மண்ணுள்ளே பரந்து கிடக்கும். கூட்டெரு, மாட்டெரு, தும்புத்தூள் முதலியவற்றை உக்கச் செய்து அது உணவு பெறுகின்றது. சாடியில் முளைக்கும் சாதாரண காளான்கள் உயிருள்ள வேரைத் தாக்குவதில்லை.

இனங்காணும் முறை

1. மஞ்சட் காளான்: குடையும் தண்டும் மஞ்சள் நிறம். குடையின் அகலம் 2 முதல் 5 சென்ரிமீற்றர். தண்டில் மெல்லிய வளையமுண்டு. உண்டால் வயிற்றைக் கெடுக்கும்.

2. மைக் காளான்: சாம்பல் நிறமான மெல்லிய குடை. ஒரு நாளிலே வாடிவிடும். சில இனங்கள் கரைந்து மைபோல் வடியும்.

3. கிண்ணக் காளான்: 1 சென்ரிமீற்றர் அளவான சிறு கிண்ணம். உள்ளே முட்டைகள் போன்ற தட்டையான மணிகள் இருக்கும். மழைத்துளி விழ அவை தெறித்துப் பரவும்.

4. வெள்ளைப் பெருங்காளான்: புற்றரையிலும் எருவிட்ட நிலத்திலும் முளைப்பது. வெண்குடைமீது கபிலச் செதில்கள் காணப்படும். முதிர்ந்ததும் குடையின் அடித்தகடுகள் பச்சையாகும். உண்டவருக்குக் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும்.

ஐயமிருப்பின், குடையை வெட்டி, அடித்தகடுகள் கீழ்நோக்கியிருக்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் வைத்துக் கிண்ணத்தால் மூடுங்கள். மறுநாட் காலையில் வித்திகளின் நிறம் தாளிற் படிந்திருக்கும். மஞ்சட் காளானுக்கு வெள்ளை, மைக் காளானுக்குக் கறுப்பு, வெள்ளைப் பெருங்காளானுக்குப் பச்சை. இச்சோதனை இனத்தை அறிய உதவுமேயன்றி, உண்ணத் தகுந்ததென உறுதி செய்யாது.

நோயின் அறிகுறி வேறு

நாற்றின் அடித்தண்டு மண்மட்டத்தில் மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். அடித்தண்டைச் சுற்றி வெண்ணிழையும் கடுகு போன்ற கபில மணிகளும் காணப்பட்டால் அது தண்டடி அழுகல். அத்தகைய நாற்றுக்களை மண்ணோடு அகற்றி, எருக்குழியிற் போடாது அழித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

காளானை விரியுமுன்னரே பிடுங்கிக் கைகளைக் கழுவுங்கள். மேல்மண் காய்ந்த பின்னரே நீரூற்றுங்கள். சாடியின் அடித்துவாரம் அடைபடாது பாருங்கள். காளானுக்காகப் பங்கசுநாசினி வேண்டியதில்லை.

வெள்ளிக் கரண்டி கறுக்காவிடின் நஞ்சில்லை என்பதும், பூச்சி தின்ற காளானை நாமும் உண்ணலாம் என்பதும் தவறான நம்பிக்கைகள். அவித்தாலும் நீங்காத நஞ்சுகள் உண்டு. தானாக முளைத்த காளானை உண்ணாதீர்கள். பிள்ளைகள் தவறி உண்டுவிட்டால், வாந்தி வரட்டுமென்று காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சில நஞ்சுகளின் குணங்குறிகள் 6 மணித்தியாலத்திற்குப் பின்னரே தோன்றும். மீதிக் காளானையும் கடதாசியிற் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்; வைத்தியருக்கு அது உதவும்.