ஒரு பெடல், நான்கு சக்கரங்கள்

ஓட்டுநரின் காலுக்கடியில் இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல்தான். மிதித்தால் நான்கு சக்கரங்களும் சேர்ந்தே பிடிக்கும். 'இடது பின் சக்கரத்தை மட்டும் ஒரு கணம் பிடித்து விட்டால் வண்டி நேராகிவிடும்' என்று எவ்வளவு தேர்ந்த ஓட்டுநர் நினைத்தாலும் அவரால் அதைச் செய்ய முடியாது. அதற்கு அவரிடம் பெடலே கிடையாது. அந்த வேலையைச் செய்வதற்காகத்தான் இன்றைய கார்களில் ஒரு சிறு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. இஎஸ்பி, இஎஸ்சி என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். வேலை ஒன்றுதான்: சறுக்கப் போகும் காரை, ஓட்டுநர் திருப்பிய பக்கம் போகவைப்பது.

இதற்கு அடித்தளம் ஏபிஎஸ். சடன் பிரேக் அடிக்கும்போது சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டால் வண்டி ரோட்டைத் தேய்த்துக்கொண்டு போகும். சுழலாத முன்சக்கரத்தை எந்தப் பக்கம் ஒடித்தாலும் பலனில்லை. கார் போன போக்கிலேயே போய் மோதும். 'பிரேக்கை விட்டு விட்டு மிதி' என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்தது இதனால்தான். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனி சென்சாரால் கவனித்து, எது நிற்கப் போகிறதோ அதற்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை மட்டும் வால்வு வழியே குறைத்து, உடனே மீண்டும் ஏற்றும் எலக்ட்ரானிக் முறையை 1978-ல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் பாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. ஒரே நொடிக்குள் பல முறை இது நடக்கும். எந்தக் காலாலும் அந்த வேகத்தில் பெடலை மிதித்து எடுக்க முடியாது.

ஆனால் முதல்முறை ஏபிஎஸ் வேலை செய்யும்போது பலர் பயந்துவிடுகிறார்கள். பாதத்தின் கீழ் பெடல் கடகடவென்று அதிரும், பானெட் பக்கமிருந்து 'கர்ர்' என்று சத்தம் வரும். என்னவோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுவார்கள். அந்த ஒரு கணத்தில் செய்யக் கூடாதது அதுதான். பெடலை முழு பலத்தோடு அழுத்தியபடியே வைத்துக்கொண்டு, தடையை விட்டு விலகி ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். மோதாமல் திரும்ப முடிவதுதான் ஏபிஎஸ் தரும் பெரிய வரம். டிரைவிங் ஸ்கூல்களில் இதை ஒருமுறையாவது காலி மைதானத்தில் செய்துகாட்ட வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது சரி. பிரேக்கே பிடிக்காமல், வளைவில் கார் சறுக்கினால்? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் குடைந்தவர், பாஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த நெதர்லாந்துக்காரர் ஆன்டன் வான் சான்டன். ஓட்டுநர் எங்கே போக விரும்புகிறார் என்பதை ஸ்டியரிங் திரும்பிய அளவு சொல்லிவிடும். கார் உண்மையில் எந்த அளவு திரும்புகிறது என்பதை அளக்க இன்னொரு சென்சார் வேண்டும். அந்த மாதிரி சென்சார்கள் அப்போது விமானத்திலும் ஏவுகணையிலும்தான் இருந்தன. கார் விலைக்குக் கட்டுப்படியாகாதவை. காருக்கு ஏற்ற விலையில் அதை உருவாக்கியதுதான் அவருடைய குழுவின் பெரிய சாதனை. 1995-ல் எஸ் கிளாஸ் கூபே காரில் இஎஸ்பி வந்தது. 2016-ல் வான் சான்டனுக்கு ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதின் வாழ்நாள் சாதனைப் பிரிவில் பரிசு கிடைத்தது.

மழை இரவில் மலைப்பாதை இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். இடது பக்க வளைவு. வேகம் சற்று அதிகம். ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தும், முன்சக்கரங்கள் பிடிமானம் இழந்து கார் எதிர்த்தடத்தை நோக்கி நழுவுகிறது. நொடிக்கு 25 முறை விருப்பத்தையும் நிஜத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் இஎஸ்பி, உடனே இடது பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. அந்தச் சக்கரம் பின்னுக்கு இழுக்க, காரின் மூக்கு இடப்பக்கம் வருகிறது. இதற்கு மாறாகப் பின்பக்கம் வாரிக்கொண்டு வெளியே வீசினால், வலது முன்சக்கரத்தைப் பிடித்து அந்தச் சுழற்சியை அடக்குகிறது. தேவைப்பட்டால் என்ஜினின் இழுவையையும் குறைக்கிறது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு கண்சிமிட்டி அணையும். பக்கத்து சீட்டில் தூங்குபவர் விழிக்கக்கூட மாட்டார்.

இப்படியொரு வசதி விலையுயர்ந்த கார்களோடு நின்றிருக்கும். அதைச் சின்னக் காருக்கு இழுத்து வந்தது ஸ்வீடனில் நடந்த ஒரு விபத்து. மெர்சிடிஸ் தன் சிறிய காரான ஏ கிளாஸை 1997-ல் விற்பனைக்குக் கொண்டுவந்திருந்த நேரம். அந்த அக்டோபர் 21-ம் தேதி, 'டெக்னிகென்ஸ் வேர்ல்டு' என்ற ஸ்வீடன் பத்திரிகையின் நிருபர் ராபர்ட் காலின் அதைச் சோதித்தார். காட்டுச் சாலையில் எல்க் மான் குறுக்கே வந்தால் சட்டென்று ஒருபக்கம் ஒடித்து, மறுபடி பழைய தடத்துக்குத் திரும்ப வேண்டுமல்லவா? அதே அசைவைப் பிரேக் இல்லாமல் செய்து பார்ப்பதுதான் சோதனை. புத்தம்புது கார் கவிழ்ந்தது. கேலிக்குப் பெயர்போன கிழக்கு ஜெர்மனியின் பழைய டிராபன்ட் கார்கூட இந்தச் சோதனையில் தேறும் என்று செய்தி பரவ, மெர்சிடிஸுக்குத் தலைகுனிவு. முதலில் மறுத்த நிறுவனம், பிறகு விற்ற கார்களைத் திரும்பப் பெற்றது, மூன்று மாதம் விற்பனையை நிறுத்தியது, சஸ்பென்ஷனை மாற்றி எல்லா ஏ கிளாஸிலும் இஎஸ்பியைப் பொருத்தியது. 1999-க்குள் அதன் எல்லாக் கார்களிலும் அது வந்துவிட்டது.

அமெரிக்காவில் தனியாகச் சறுக்கி, கவிழ்ந்து அல்லது மரத்தில் மோதி உயிர்போகும் விபத்துகளின் அபாயத்தை இஎஸ்பி ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அங்குள்ள காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு கண்டது. சீட் பெல்ட்டுக்கு அடுத்து இதைவிடப் பெரிய காவல் காருக்கு வரவில்லை என்றே நான் சொல்வேன். அங்கே 2012 மாடல் முதல் இது கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். இந்தியாவில் 2019 ஏப்ரலில் புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் கார் பாதுகாப்பு மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க இஎஸ்சி இருந்தாக வேண்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கம்ப்யூட்டர் எடுக்கும் முடிவெல்லாம் தரையைத் தொடுகிற நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில்தான் நிறைவேற வேண்டும். பட்டன் தேய்ந்து வழுக்கையாகிப்போன டயர் மழைத்தண்ணீரில் மிதந்தால் எந்த எலக்ட்ரானிக்ஸும் உதவாது. சரளைக் கற்களில் ஏபிஎஸ் கார் நிற்க இன்னும் கூடுதல் தூரம்கூட எடுக்கும். சேற்றில் சிக்கி, சக்கரத்தை வேகமாகச் சுழற்றி வெளியேற வேண்டிய நேரத்துக்கு மட்டும்தான் இஎஸ்பியை நிறுத்தும் 'ஆஃப்' பட்டன். மற்ற நேரம் அதைத் தொட வேண்டாம். மஞ்சள் விளக்கு சிமிட்டினால் வேலை செய்கிறது என்று பொருள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எலி கடித்த சென்சார் ஒயரே காரணமாக இருக்கலாம். அன்றே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷோரூமில் சன்ரூஃப், டச் ஸ்கிரீன் எல்லாம் காட்டி முடிக்கட்டும். நீங்கள் பார்க்கும் அதே வேரியன்ட்டில் இஎஸ்சி உண்டா என்று கேளுங்கள். விற்பனையாளரின் வாய்ச்சொல்லோடு விடாமல், விவரப் பட்டியலில் கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் சன்ரூஃபை விட்டுவிட்டு, இஎஸ்சி உள்ள வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள்.